டர்பனில் ஓடும் காருக்கு கிளட்ச் தேர்வு: ஸ்டேஜ் எண்ணை விட்டுவிட்டு எங்கிருந்து தொடங்குவது?

டர்பனில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபுக்கு டர்போ ஏற்றியவர் யாரைக் கேட்டாலும் கிளட்ச் பற்றி ஒரே பதில்தான் வரும்: "பட்டன் போட்டுடு." செராமிக் பட்டன்கள் பதித்த அந்த டிஸ்க் என்ஜினை வழுக்காமல் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சாட்ஸ்வொர்த் மேடுகளில் ஒவ்வொரு ரோபோட்டிலும் (போக்குவரத்து விளக்கு) நின்று கிளம்பும்போது வண்டி குதிரை மாதிரி துள்ளும். ஆறே மாதத்தில் பாதிப் பேர் அதைக் கழற்றி விற்கப் பார்ப்பார்கள். தேவைக்கு மேல் கடினமான கிளட்சை வாங்கியதுதான் காரணம்.

என் கட்சி இதுதான்: உங்கள் என்ஜினின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, பிடித்து வைக்கக்கூடிய கிளட்சுகளிலேயே மிக மென்மையானதை வாங்குங்கள். மிச்சப் பணத்தை அதைச் சுற்றியுள்ள பாகங்களுக்குச் செலவிடுங்கள். அதற்கு எங்கிருந்து தொடங்குவது, என்னென்ன பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். கையால் கியர் போடும் வண்டிகளுக்கு மட்டும்தான் இது. தானாகக் கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் கிளட்ச் வேறு கதை.

படி 1: வழுக்குவது கிளட்ச்தானா?

நான்காவது கியரில், நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். சுற்று மட்டும் சட்டென்று ஏறி, வேகம் கூடவே ஏறாவிட்டால் வழுக்கல்தான். சாலையில் செய்யாமல் டைனோவில் (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) செய்தால் இன்னும் நல்லது. முதல் கியரில் இது தெரியாது. அங்கே என்ஜின் தன் சொந்த எடையையும், அதன் முனையில் உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் சுழற்றி ஏற்றவே டார்க்கில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும், கிளட்சுக்கு வந்து சேருவது குறைவு. உயர் கியரில் கிட்டத்தட்ட முழு டார்க்கும் டிஸ்க்கின் மேல் இறங்குகிறது, அதுவும் நீண்ட நேரத்துக்கு. அதனால்தான் டர்போ வண்டிகள் மோட்டார்வேயில் ஓவர்டேக் செய்யும்போது முதலில் வழுக்குகின்றன.

புது கிளட்ச் வாங்கும் முன் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா? கேபிள் இறுக்கமாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தியபடியே இருக்கும், எந்த டிஸ்க்கானாலும் வழுக்கும். அடுத்து, கியர்பாக்ஸின் மணிக்கூட்டுக்கு (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறை) அடியில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா? என்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் பின்சீல் கசிந்து டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருந்தால் புது கிளட்சும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

படி 2: கிலோவாட்டை விடுங்கள், டார்க்கைக் கேளுங்கள்

நம் ஊரில் எல்லாரும் கிலோவாட் கணக்கில்தான் பெருமை பேசுவார்கள். கிளட்சுக்குக் கிலோவாட் தெரியாது. அதற்குத் தெரிந்தது நியூட்டன் மீட்டர் மட்டுமே. இரண்டையும் இணைக்கும் சூத்திரம் எளிது: கிலோவாட்டை 9,549-ஆல் பெருக்கி, அந்தச் சக்தி கிடைக்கும் சுற்றால் வகுத்தால் அந்தச் சுற்றில் உள்ள டார்க் கிடைக்கும்.

சிட்டி கோல்ஃபில் (நம் ஊரில் விற்ற பழைய கோல்ஃப்) 1.8 டர்போ என்ஜின் வைத்தவர் "150 கிலோவாட், 5,700 சுற்றில்" என்கிறார் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 251 நியூட்டன் மீட்டர். இதை வைத்து கிளட்ச் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். சிறிய டர்போ 3,000 சுற்றிலேயே உச்ச டார்க்கைக் கொடுத்துவிடும், அது 320-ஆகக்கூட இருக்கலாம். அதனால் டைனோ தாளில் டார்க் கோட்டின் உச்சியைப் பாருங்கள், சக்திக் கோட்டின் உச்சியை விட்டுவிடுங்கள்.

டைனோ தாளிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, சக்கரத்தில் அளந்ததா, என்ஜினுக்குக் கணக்கிட்டதா என்பது. கிளட்ச் என்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு என்ஜின் டார்க்தான் வேண்டும். முன்சக்கர ஓட்ட வண்டியில் சக்கர அளவோடு 15 சதவீதம் போலச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று உயரம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது என்பதால் டர்போ இல்லாத என்ஜின் 15 சதவீதத்துக்கு மேல் சக்தியை இழக்கும். அங்கே ட்யூன் செய்து, அங்கே வழுக்காமல் ஓடிய வண்டி, வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பனுக்கு வந்ததும் வழுக்கத் தொடங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, இங்கே காற்று அடர்த்தி, அவ்வளவுதான். டர்போ வண்டியில் நிலைமை தலைகீழ். டர்போ உயரத்தின் இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும், ஆனால் டைனோ மென்பொருள் அதற்கும் உயரத் திருத்தம் போட்டால், உண்மையில் இல்லாத டார்க் தாளில் தெரியும். அந்தத் தாளை நம்பினால் தேவையில்லாமல் கடினமான கிளட்சை வாங்குவீர்கள். திருத்தம் போட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிடைத்த உச்ச டார்க்கோடு 25 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 320 என்றால் 400. சூட்டில் பிடிப்பு குறைவதற்கும், நாளைக்கு நீங்கள் கொஞ்சம் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றுவதற்கும் அது போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மடங்குக்குப் போகாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் செய்யும் வேலையைத்தான் டிரைவ்லைனில் கிளட்ச் செய்கிறது. அது சிறிதும் வழுக்காவிட்டால் அதிர்ச்சி முழுதும் கியர்பாக்ஸுக்குப் போகும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்டுக்குப் போகும்.

படி 3: பிடிப்பு எங்கிருந்து வருகிறது

விற்பவர் சொல்வதை எடைபோட இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். கிளட்ச் பிடிக்கும் டார்க் நான்கு எண்களின் பெருக்கல்: உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வு எண், டிஸ்க்கை ஃப்ளைவீலோடு சேர்த்துப் பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, டிஸ்க்கின் சராசரி ஆரம்.

228 மில்லிமீட்டர் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வளையத்தின் உள் விட்டம் 150 என்றால் சராசரி ஆரம் சுமார் 94.5 மில்லிமீட்டர், அதாவது 0.0945 மீட்டர். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு பக்கம், ஆக பரப்பு 2. சாதாரண ஆர்கானிக் லைனிங்குக்கு (டிஸ்க்கின் மேல் உள்ள உராய்வுப் பொருள்) உராய்வு எண் 0.27, பிரஷர் பிளேட் விசை 6,500 நியூட்டன் என்று வைத்தால், பெருக்கி வருவது சுமார் 330 நியூட்டன் மீட்டர்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அதே டிஸ்க், பிரஷர் பிளேட் மட்டும் 20 சதவீதம் கடினமானது: கிட்டத்தட்ட 400. அதே பிளேட், உராய்வு எண் 0.38 உள்ள செராமிக் லைனிங்: 465-க்கு மேல். ஆர்கானிக்கிலேயே இரட்டை டிஸ்க், பரப்பு 4: 660. இவை கணக்குக்காக எடுத்த எண்கள்தான், கடையில் கிடைக்கும் பொருளில் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் நம் 320 நியூட்டன் மீட்டர் வண்டிக்கு விடை இங்கேயே வந்துவிட்டது. முழு வளைய ஆர்கானிக் டிஸ்க், கொஞ்சம் கடினமான பிரஷர் பிளேட், இவ்வளவே போதும். பட்டனுக்கு அவசியமே இல்லை.

ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2 இன்னொன்றின் ஸ்டேஜ் 3-க்குச் சமமாக இருக்கலாம், ஒன்றுமே சமமாக இல்லாமலும் போகலாம். விற்பவரிடம் "எத்தனை நியூட்டன் மீட்டர் பிடிக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் எண்ணாக வராமல் "ரொம்ப ஸ்ட்ராங் அண்ணா" என்று வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

படி 4: லைனிங்

ஆர்கானிக். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிகளில் இருப்பது இதுதான். மெதுவாகப் பிடிக்கும், பாதி பெடலில் வண்டியை ஊர விடலாம். ஒருமுறை சூடேறி நாற்றம் அடித்தாலும், முழுதாக எரிந்துவிடாதவரை ஆறியபின் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். தெரு வண்டிக்கு இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கெவ்லர். மென்மை உண்டு, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் உராய்வு எண் ஆர்கானிக்குக்கு அருகில்தான், கெவ்லர் என்பதற்காக மட்டும் பிடிப்பு கூடிவிடாது. பழக்கும் காலம் நீளம். ஒருமுறை அதிகச் சூட்டில் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் திரும்பிப் பழைய பிடிப்பு வராது. பொறுமைசாலிகளுக்கு நல்ல பொருள், என்னைக் கேட்டால் இளைஞர் கையில் கொடுக்க மாட்டேன்.

செராமிக் பட்டன். மூன்று, நான்கு, ஆறு என்று பட்டன்கள் இருக்கும். எண்ணிக்கை கூடக்கூடப் பிடிப்பு கொஞ்சம் மென்மையாகும், அதனால் தெருவுக்குக் கட்டாயம் பட்டன்தான் வேண்டுமென்றால் ஆறு. சூட்டை நன்றாகத் தாங்கும். டிஸ்க்கின் எடை குறைவு, அதனால் கியர் வேகமாக விழும். பதிலுக்கு ஃப்ளைவீலைத் தின்னும். முக்கியமாக, "பாதி பிடிப்பு" என்ற நிலையே கிட்டத்தட்ட இருக்காது.

இந்தக் கடைசி விஷயத்தைச் சோதிக்க டர்பனில் இயற்கையாகவே ஓர் இடம் இருக்கிறது. புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். கோயிலை நெருங்க நெருங்க வண்டிகள் ஆளுக்கு ஓர் அடியாக ஊரும், நடுவில் ஆட்கள் குறுக்கே போவார்கள், பின்சீட்டில் பாட்டி மடியில் பால்குடம். அந்த வரிசையில் ஓர் அடி முன்னே நகர, பட்டன் கிளட்ச் வைத்தவர் பெடலை விட்டதும் வண்டி முன்னே பாயும், பயந்து மறுபடி அழுத்துவார், மறுபடி பாயும். பால் தரையில். ஆர்கானிக் வைத்தவர் அந்த வழியையே உணர மாட்டார்.

டெஸி ரேஸ்வேயில் ஓட்ட மட்டும் என்று வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் போர்ட் ஷெப்ஸ்டனுக்குக் கொண்டுபோகிறவருக்கு இந்தக் கவலை இல்லை, அவர் பட்டனே போடட்டும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டிஸ்க்கில் உண்டாகும் வெப்பம், நீங்கள் என்ஜினை வைத்திருக்கும் சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1,500 சுற்றில் கிளம்புவதைவிட 3,000 சுற்றில் கிளம்பினால் வெப்பம் நான்கு மடங்கு. மேட்டில் இன்னும் அதிகம். எந்த லைனிங் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

படி 5: நடுவில் ஸ்பிரிங், பின்னால் ஃப்ளைவீல்

டிஸ்க்கின் நடுவில் சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை பிடிக்கும்போது வரும் அடியையும் என்ஜின் துடிப்பையும் வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லாத திட மையம் பந்தயத்துக்கு மட்டும். தெருவில் அது கியர் பற்களைத்தான் அடிக்கும்.

கோல்ஃப் 5 ஜிடிஐ போன்ற வண்டிகளில் இரட்டை எடை ஃப்ளைவீல் இருக்கும். அதில் துடிப்பை அடக்கும் ஸ்பிரிங்குகள் ஃப்ளைவீலுக்குள்ளேயே இருப்பதால் சில டிஸ்க்குகளின் நடுவில் ஸ்பிரிங் இருக்காது. அந்த டிஸ்க்கை அப்படியே ஒற்றை எடை ஃப்ளைவீலோடு சேர்த்துப் போடக் கூடாது. அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து 280 நியூட்டன் மீட்டரோடு வருகிறது. மென்பொருள் மாற்றினாலே 350-ஐ நெருங்கும். அந்த அளவுக்குள் நிற்பவர்கள், ஃப்ளைவீல் நல்ல நிலையில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு கடினமான பிரஷர் பிளேட் போடுவது போதும். ஒற்றை எடைக்கு மாறினால் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கும். பழகிக்கொள்ளலாம் என்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் பழக மாட்டார்கள்.

இலேசான ஃப்ளைவீலுக்கும் இதே எச்சரிக்கைதான். என்ஜின் சுற்று விறுவிறுவென்று ஏறும், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் மேட்டில் கிளம்பும்போது என்ஜின் அணைந்துபோகாமல் இருக்க அதிகச் சுற்று வேண்டும், அதிகச் சுற்று என்றால் மேலே சொன்ன வெப்பம்.

படி 6: உங்கள் வண்டிக்கென்று சில

சிட்டி கோல்ஃபின் பழைய 020 கியர்பாக்ஸ் ஒரு விசித்திரம். மற்ற வண்டிகளில் கிராங்கில் ஃப்ளைவீல், அதன்மேல் பிரஷர் பிளேட். இதில் பிரஷர் பிளேட் கிராங்கில் போல்ட் ஆகி, ஃப்ளைவீல் அதன்மேல் உட்காருகிறது. பெடலின் விசை கியர்பாக்ஸின் உள்தண்டு வழியாகப் போகும் ஒரு நீண்ட கம்பி மூலம் வருகிறது, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கியர்பாக்ஸின் மறுகோடியில் இருக்கிறது. அதனால் வேறு வண்டியின் கிளட்ச் இதற்குப் பொருந்தாது. டிஸ்க்கிலும் 190, 200, 210 என்று அளவுகள் உண்டு, பழையதைக் கழற்றி அளக்காமல் வாங்காதீர்கள்.

இந்த 020-இன் உண்மையான பலவீனம் கிளட்ச்சில் இல்லை, டிஃபரென்ஷியலில் இருக்கிறது. அதன் பெரிய பல்சக்கரத்தைப் பிடித்திருப்பவை ரிவெட்டுகள். கடினமான கிளட்சோடு டயர் கத்தக் கிளம்பிக்கொண்டே இருந்தால் ரிவெட் தலை தெறித்து கியர்பாக்ஸ் உறையையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெட்டியை எப்படியும் இறக்கும்போது ரிவெட்டுக்குப் பதில் போல்ட் செட் போட்டுவிடுங்கள்.

டர்போவோ விஆர்6-ஓ (ஆறு சிலிண்டர் ஃபோக்ஸ்வேகன் என்ஜின்) வைத்து, 020-க்குப் பிந்தைய 02ஏ கியர்பாக்ஸுக்கு மாறியவர்களுக்கு வேலை எளிது. பழைய ஜி60 என்ஜினின் ஒற்றை எடை ஃப்ளைவீலும் விஆர்6-இன் 228 மில்லிமீட்டர் கிளட்சும் ஒன்றோடொன்று சேரும், உலகெங்கும் ஃபோக்ஸ்வேகன் ஆட்கள் நம்பும் ஜோடி இது. விஆர்6 தொழிற்சாலையில் 235 நியூட்டன் மீட்டர், அதன் சாதாரண கிளட்ச் அதைவிடக் கணிசமாகவே தாங்கும்.

20 வால்வ் டொயோட்டா வைத்தவர்களுக்கு இரண்டே வரி. டர்போ இல்லாத அந்த என்ஜின் கொடுப்பது 160 சொச்சம் நியூட்டன் மீட்டர்தான். நல்ல தரமான சாதாரண கிளட்ச் போடுங்கள்.

படி 7: பெடலுக்குப் பின்னால் இருப்பவை

பிரஷர் பிளேட் கடினமானால் அந்த விசையை யாரோ தாங்க வேண்டும். உங்கள் இடது கால் ஒன்று. ஹைட்ராலிக் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய். பழைய குழாய் ஊதிக்கொண்டால் பெடல் முழுதாக அழுத்தியும் கிளட்ச் முழுதாக விடாது, கியர் உரசும். ஆட்கள் அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்பார்கள். கேபிள் வண்டியில் பழைய கேபிள் அறுந்துபோகும்.

யாரும் பேசாத ஒன்று கிராங்கின் த்ரஸ்ட் வாஷர். பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்பக்கம் தள்ளப்படுகிறது, அதைத் தாங்குபவை அந்த மெல்லிய வாஷர்கள்தான். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் முன்பின் அசைவை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் என்ஜினின் வரம்பைத் தாண்டியிருந்தால் கடினமான பிளேட் போடாதீர்கள். ரோபோட்டில் நிற்கும்போது பெடலை அழுத்திக்கொண்டே நிற்காமல் நியூட்ரலுக்கு வாருங்கள்.

படி 8: வாங்குவதும் பூட்டுவதும்

நம் ஊரில் பழைய கிளட்சை மறுலைனிங் செய்து, பிரஷர் பிளேட்டை இறுக்கித் தரும் பட்டறைகள் உண்டு. சிலர் அருமையாகச் செய்கிறார்கள். அங்கே இரண்டு கேள்வி: பிளேட்டின் விசையை அளந்து சொல்வீர்களா, சுழலும்போது எடை சமமாக இருக்கப் பேலன்ஸ் செய்வீர்களா. இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காதீர்கள். சாக்ஸ், லூக், எக்ஸெடி போன்ற பெயர் பெற்ற பெட்டியானால் சீல் கிழியாமல் இருக்கிறதா, தண்டுப் பற்களின் எண்ணிக்கை உங்கள் பழைய டிஸ்க்கோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் எறியாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள் தெரிந்தால் சூடு. லைனிங்கில் ஈரமான கருப்பு வளையம் தெரிந்தால் எண்ணெய். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், கியர்பாக்ஸைச் சரியாக உட்கார வைக்கும் டவல் பின்கள் காணாமல் போயிருக்கலாம். காரணம் தெரியாமல் புதியதைப் பூட்டினால் புதியதும் அப்படியே போகும்.

கூடவே மாற்ற வேண்டியவை: ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வகையானால் அதுவும். பிஎம்டபிள்யூ, பக்கி (பிக்கப் வண்டி) போன்ற பின்சக்கர ஓட்ட வண்டியில் கிராங்க் முனையில் உள்ள சிறு பேரிங்கையும் விடாதீர்கள். பாகத்தின் விலையைவிடக் கியர்பாக்ஸை மறுபடி இறக்கும் கூலிதான் அதிகம்.

ஃப்ளைவீலை லேத்தில் முகம் சீவுங்கள். படி வைத்த ஃப்ளைவீலானால் இரு மட்டங்களையும் ஒரே அளவு சீவ வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் விசையே மாறிவிடும். பிரேக் கிளீனரால் துடையுங்கள், கைரேகைகூட வேண்டாம். தண்டுப் பற்களில் கிரீஸ் தடவித் துடைத்துவிடுங்கள், பளபளப்பு மட்டும் மிஞ்சட்டும். டிஸ்க்கின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கியர்பாக்ஸ் தன் எடையோடு டிஸ்க்கில் தொங்க ஒரு நொடிகூட விடாதீர்கள், மையம் வளைந்துவிடும்.

படி 9: பழக்குவது

முதல் 800 கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும், தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதையே கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் வரை ஒருமுறை போய்வந்தால் ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடுமே என்று கணக்குப் போடாதீர்கள். என்3 நெடுஞ்சாலையில் கிளட்ச் பிடித்தபடியே இருக்கும், எதுவும் உராயாது. கணக்கில் வருவது நின்று கிளம்பும் நகர ஓட்டம் மட்டுமே. ஆகவே உம்கேனி சாலை நெரிசல், பள்ளிக்குப் போய்வருவது, மார்க்கெட் இவைதான். இந்தக் காலத்தில் முழு பூஸ்ட் வேண்டாம், வழுக்கவிட்டுக் கிளம்புவதும் வேண்டாம். டைனோ நாளைப் பிறகு குறியுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் உப்புக் காற்றில் ஃப்ளைவீலில் துரு பூத்து டிஸ்க் ஒட்டிக்கொள்ளும், முதல் கிளம்பலில் நடுங்கும். சில கிளம்பல்களில் அது தானே போய்விடும். போகாமல் நடுக்கம் தொடர்ந்தால், கிளட்சைக் குறை சொல்லும் முன் என்ஜின் மவுன்ட் ரப்பர்களைப் பாருங்கள்.